நிற்கப் பழகுவோம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சீனத் தற்காப்புக் கலையில் 'ஜான் ஜுவாங்' என்றொரு பயிற்சி உண்டு. நட்ட கம்பம்போல் நிற்பது என்று பொருள். முழங்காலைச் சற்றே தளர்த்தி, முதுகை நிமிர்த்தி, மரத்தை அணைப்பதுபோல் கைகளை வைத்து அசையாமல் நிற்க வேண்டும். 1963-ல் மறைந்த வாங் சியாங்ஜாய் என்ற ஆசான், அடிவரிசைகளை ஒதுக்கிவிட்டு இதையே தம் 'யீச்சுவான்' முறைக்கு அடித்தளமாக்கினார்.

"சும்மா நிக்கிறதுக்கு ஒரு வாத்தியாரா?" என்பீர்கள். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தொடை நடுங்கும், தோள் கெஞ்சும். எந்தத் தசை வீணாக இறுகியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். எஞ்சினியர் பாஷையில் சொன்னால், பாரம் நேராக அடித்தளத்துக்கு இறங்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 11 நிலைகளோடு நிற்பதும் அப்படித்தான். நம்ம ஊர்ச் சிலம்பத்திலும் கம்பு சுழல, முதலில் கால் நிலைக்கணும்.

ஆனால் ஒன்று. இராஜபாளையம் நூற்பாலைகளில் ஷிப்ட் முழுக்க நிற்பவர்களிடம் போய் "நிற்பது நல்லது" என்று சொல்லிவிடாதீர்கள். நாமாக விரும்பிச் சில நிமிடம் நிற்பது பயிற்சி. வேறு வழியின்றி எட்டு மணி நேரம் நிற்பது வலி. நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. நம்மில் பலர் இன்று மில்களில் பொறுப்பில் இருக்கிறோம். காலையில் பத்து நிமிடம் நின்று பழகுங்கள். அந்தக் கால்வலி புரிந்ததும், உங்கள் பிரிவில் நாலு ஸ்டூல் போடுங்கள்.