குருத்தணு ஆய்வு: நம்பிக்கையும் பொறுப்பும்



குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற குன்றாண்டார்கோவிலில் இந்தக் கருத்தரங்கு கூடியிருக்கிறது. இதே மாவட்டம்தான் 1886இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அம்மையார் விடாமல் போராடி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் பிறந்த மண்ணில் பேசுவதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மார்பகப் புற்றுநோயைக் குணமாக்கும் குருத்தணு (ஸ்டெம் செல்) ஊசி என்று எதுவும் இன்று கிடையாது.

ஆசைப்பட்டு ஏமாந்த வரலாறு ஒன்று நமக்கு முன்னால் இருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயாளியின் குருத்தணுக்களை எடுத்துச் சேமித்துவிட்டு, மிகக் கடுமையான அளவில் கீமோ கொடுத்து, பிறகு அவற்றைத் திரும்ப உடலில் செலுத்தினார்கள். சோதனைகள் முடியும்வரை பலரும் பொறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த வேதனையை அனுபவித்தார்கள். 1999இல் முடிவுகள் வந்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட அது ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. பெரும் பலன் கண்டதாகச் சொன்ன தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடி என்று மறு ஆண்டே அம்பலமானது.

உண்மையான திருப்பம் 2003இல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க் குழுவினர் மார்பகக் கட்டியின் செல்களைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். மேற்பரப்பில் சிடி44 என்ற புரதம் மிகுந்தும் சிடி24 என்ற புரதம் குறைந்தும் இருந்த செல்களில் நூறே போதுமாயிருந்தது, புதிய கட்டி முளைக்க. மற்றவை பல்லாயிரம் இருந்தும் முளைக்கவில்லை. வயலில் கோரையை மேலோடு அறுத்தால் கிழங்கு மறுபடி துளிர்ப்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். இங்கும் அப்படித்தான்: வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ கொல்கிறது. மெதுவாகப் பெருகும் இந்தச் செல்கள், அதாவது புற்றுக் குருத்தணுக்கள், பல நேரம் தப்பிவிடுகின்றன. ஆண்டுகள் கழித்து நோய் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். சாதாரணப் புற்றுச்செல்லே குருத்தணுவின் இயல்புக்கு மாறக்கூடும் என்பது சிக்கலை இன்னும் கூட்டுகிறது. இந்தக் குருத்தணுக்கள் சார்ந்திருக்கும் நாட்ச், விண்ட் போன்ற சமிக்ஞைப் பாதைகளை அடைக்கும் மருந்துகள் சோதனையில் உள்ளன. என் நம்பிக்கை இந்தத் திசையில்தான்: குருத்தணு இங்கே நாம் கொடுக்கவேண்டிய மருந்தல்ல, தாக்கவேண்டிய இலக்கு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு குருத்தணு நெறிமுறை தெளிவானது. குறிப்பிட்ட சில நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்று தவிர மற்றதெல்லாம் ஆய்வுதான். ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. மருத்துவர்களே, நகையை அடகு வைத்துவிட்டு ஒரு குடும்பம் குருத்தணு சிகிச்சைக்கு உங்களிடம் யோசனை கேட்டு வந்தால், இதைச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "கட்டிதான் இருக்கு, வலிக்கலையே" என்று நடவு முடியட்டும், திருவிழா முடியட்டும் எனத் தள்ளிப்போடும் பெண்களை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள். மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. தோல் சுருங்கி, காம்பு உள்ளிழுத்த பிறகு வருகிறவரைக் காப்பாற்றுவது கடினம். அப்படித் தள்ளிப்போடும் பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். ஆய்வாளர்களே, உங்கள் கட்டுரைகளை அவருக்கும் புரியும் தமிழில் இந்த மேடையில் சொல்லுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.