எழுதிவைக்கப்பட்ட சாட்சியம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் வரவு செலவு அறிக்கையை வாசித்தார்கள். மின்கட்டணத்தில் ஒருவர் ஐயம் எழுப்பினார், பொருளாளர் இரசீதை எடுத்துக் காட்டினார், விவகாரம் முடிந்தது. கேட்டவர் மீது எவரும் கோபம் கொள்ளவில்லை. நம் மஹல்லாவுக்குள் இவ்வளவு இயல்பாக நடக்கும் இக்காரியம், அரசாங்க அலுவலகத்தின் வாசலுக்குச் சென்றவுடன் ஏன் நமக்கு அச்சம் தருவதாக மாறிவிடுகிறது? இதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதுவென்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. சிறிய தொகையாயினும் பெரிய தொகையாயினும் எழுதுவதில் சோர்வடையாதீர்கள் என்றும், சாட்சிகள் அழைக்கப்பட்டால் மறுக்கலாகாது என்றும் அது கட்டளையிடுகிறது. அடுத்த வசனமோ சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளத்தைப் பாவமுடையது என்கிறது.

அரசு ஊழியரிடம் கணக்குக் கேட்பதும் நமக்குப் புதிதன்று. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோரின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் வினவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை லஞ்சத்திற்கு எதிரான பாடமாக மட்டும் நாம் சொல்லி வருகிறோம். பொதுப் பணத்தின் கணக்கு பொதுமக்கள் முன்னிலையில் கேட்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ராஜஸ்தானில் 1990ஆம் ஆண்டு மே மாதம் மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவாயிற்று. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதன் முன்னணியில் நின்றனர். வறட்சி நிவாரணப் பணிகளில் கூலி வேலை செய்த ஏழைகளுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீ செய்த வேலை குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்பது பதில். அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க இரகசியம்! 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் திறந்த வெளியில் மக்களைக் கூட்டி, கிடைத்த பதிவேடுகளின் நகல்களை உரக்க வாசித்தனர். கூலி வாங்கியதாகப் பெயர் இருந்தவர்கள், நாங்கள் அந்த வேலைக்கே போகவில்லையே என்று எழுந்து நின்று சாட்சி கூறினர். இத்தகைய கூட்டங்கள் ஊர் ஊராகப் பரவின. 1995 ஏப்ரலில் நகல் தருவதாக அம்மாநில முதலமைச்சர் சட்டமன்றத்தில் வாக்களித்தார். ஓராண்டு கழிந்தும் வாக்கு நிறைவேறாததால், 1996 ஏப்ரல் 6ஆம் நாள் பியாவர் நகரில் தர்ணா தொடங்கிற்று. நாற்பது நாட்கள் அமர்ந்திருந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே அவர்களது முழக்கம். 2000இல் ராஜஸ்தான் சட்டமும், 2005இல் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தன. நம் தமிழ்நாடு 1997லேயே இப்படியொரு சட்டம் இயற்றியதுண்டு. ஆனால் விதிவிலக்குகளின் கூட்டத்தில் உரிமையைத் தேட வேண்டியிருந்தது.

இது கூலிப் பணம் பற்றியது. உயிர்கள் பறிக்கப்பட்ட இடத்தில் இதே காகிதம் என்ன செய்தது என்பதைக் கேளுங்கள்.

1987ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள். ரமளானின் இறுதி வெள்ளிக்கிழமை. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் கலவரம் நடந்துகொண்டிருந்த வேளையில், ஹாஷிம்புரா மஹல்லாவில் மாகாண ஆயுதப் படையினர் நம் சகோதரர்களை வீடுகளிலிருந்து வெளியே கொணர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 42 பேரைத் தனியே பிரித்து ஒரு லாரியில் ஏற்றிச் சென்று, கங்கைக் கால்வாய்க் கரையிலும் ஹிண்டன் ஆற்றோரத்திலும் சுட்டுத் தண்ணீரில் வீசினர். குண்டடி பட்டும் இறந்ததுபோல் கிடந்த சிலரே உயிர் தப்பினர். காஸியாபாத் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த விபூதி நாராயண் ராய் நள்ளிரவில் அவ்விடம் சென்று, தம்மைப் போன்றே சீருடை அணிந்தோர்மீது வழக்குப் பதிவு செய்யச் செய்தார். முஸ்லிமல்லாத அந்த அதிகாரி எழுதச் செய்த முதல் தகவல் அறிக்கைதான் பின்னாளைய எல்லாவற்றுக்கும் அடித்தளம். இதை நம் மேடைகளில் நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

அதன்பின் நடந்தது காத்திருப்பு. 1996இல்தான் 19 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. ஜாமீனில் விடக்கூடிய பிடியாணைகள் 23, ஜாமீனில் விட இயலாதவை 17 என நீதிமன்றம் பிறப்பித்தும், 2000ஆம் ஆண்டு வரை ஒருவரும் முன்னிலையாகவில்லை. குடும்பத்தார் மனுச் செய்ததால் 2002இல் உச்ச நீதிமன்றம் வழக்கை டெல்லிக்கு மாற்றியது. 2007 மே 24ஆம் நாள், உயிர் தப்பிய இருவரும் 36 குடும்பங்களைச் சேர்ந்தோரும் லக்னோ சென்று, காவல்துறைத் தலைமையகத்தில் 615 தகவல் மனுக்களைக் கொடுத்தனர். குற்றம் சாட்டப்பட்டோர் தொடர்ந்து பணியில் இருந்து வருகிறார்கள், அவர்களது பணிக்குறிப்புகளில் இச்சம்பவம் பற்றி ஒரு வரியும் இல்லை என்ற உண்மை அம்மனுக்களால் வெளிவந்தது. இருபதாண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லி வந்த குறையை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது!

2015 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம் எஞ்சியிருந்த 16 பேரையும் சந்தேகத்தின் பலனளித்து விடுவித்தது. கொலை நடந்தது உண்மை. ஆனால் அந்த லாரியில் இருந்தவர்கள் இவர்களே என்பது நிரூபணமாகவில்லை என்பது காரணம். மேல்முறையீட்டில் தேசிய மனித உரிமை ஆணையமும் இணைந்து கூடுதல் சாட்சியம் கோரியது. அப்போதுதான் 1987ஆம் ஆண்டின் காவல்துறைப் பொது நாட்குறிப்பு நீதிமன்றத்திற்கு வந்தது. அன்று பணிக்குச் சென்றவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. 2018 அக்டோபர் 31ஆம் நாள் டெல்லி உயர் நீதிமன்றம் 16 பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. முப்பத்தோராண்டுகள்! அதற்குள் எத்தனை தாய்மார்கள் கப்றுக்குப் போய்விட்டார்கள்! தண்டனை பெற்றோர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவர்களில் சிலருக்கு 2024 டிசம்பரில் பிணை கிடைத்தது.

ஜமாஅத்தார்களே! அநீதியிழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்று நாம் ஓதுகிறோம், அது சத்தியம். ஆனால் துஆச் செய்தவனுக்குச் சாட்சியம் சொல்லும் கடமை நீங்கிவிட்டது என்று எந்தக் கிதாபிலும் நான் படிக்கவில்லை. நமக்கேன் வம்பு என்பார் ஒரு சாரார். வீதியில் நின்று முழங்கிவிட்டு, தேதியும் பெயரும் குறித்துக்கொள்ளாமல் வீடு திரும்புவார் மற்றொரு சாரார். இரண்டாமவர் வீரர் என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். இருவராலும் அதிகாரிக்குத் தொல்லை இல்லை என்பதே என் கருத்து.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புனே அருகே நில மோசடிகளைத் தகவல் கேட்டு வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆகவேதான் லக்னோவுக்குத் தனியாளாகச் செல்லாமல் குடும்பம் குடும்பமாகச் சென்றதை நான் பெரிதாக மதிக்கிறேன். தொழுகையை ஜமாஅத்தாக நிறைவேற்றும் நாம், கேள்வியை மட்டும் ஏன் ஒருவர் தலையில் சுமத்துகிறோம்?

செய்ய வேண்டியது கடினமன்று. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதினால் 30 நாட்களில் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதாயின் 48 மணி நேரத்தில். உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு 24ஆம் பிரிவு விலக்கு அளித்தாலும், ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய தகவலுக்கு அவ்விலக்கு பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் தனிநபர் தகவல் என்ற காரணம் விரிவாக்கப்பட்டிருப்பதால், மறுப்புகள் கூடலாம். மறுத்தால் மேல்முறையீட்டுக்கும் தேதி குறித்துக்கொள்ளுங்கள். எவரேனும் கைது செய்யப்பட்டால், டி.கே.பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டபடி கைதுக் குறிப்பாணை எழுதப்பட்டு, குடும்பத்தார் அல்லது அப்பகுதிப் பெரியவர் ஒருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பத்திற்கு அழைப்பு வந்தால் தயங்காதீர்கள். என்னையும் அழையுங்கள்.

முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர்கள் நான்கைந்து பேர் நம் மஹல்லாவில் இருப்பதாக அறிகிறேன். நிர்வாகத்தின் அனுமதியுடன், வருகிற ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா அறையில் அவர்களுக்கான மனுக்களை எழுதத் தொடங்குவோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் பேனாவுடன் வாருங்கள். குடும்ப அட்டை நகலை மறந்துவிட வேண்டாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.