தனியாகக் கேளுங்கள்

(ஜூன் 15, முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாளையொட்டி, சங்கத்தின் மும்பைக் கிளையில் ஆற்றிய உரை)



வங்கி வேலையிலிருந்து 2013-இல் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு ஒரு தொண்டு அமைப்பின் சார்பில், புகார் வந்த வீடுகளுக்குப் போய் முதியோரையும் மாற்றுத் திறனாளிகளையும் விசாரித்து வருகிறேன். சில மனுக்களில் தீர்ப்பாயமே என்னைச் சமரச அலுவலராக நியமித்ததும் உண்டு. "நம்மவா ஆத்துலயும் இதெல்லாம் நடக்கறதா?" என்று செயலாளர் என்னைக் கேட்டார். நடக்கிறது. முதலில் நான் செய்த தப்பையே சொல்லிவிடுகிறேன்.

2014-இல், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தின் பேரில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனேன். மாமிக்கு 79 வயது. ரயில்வேயில் இருந்த மாமா காலமாகி, குடும்ப பென்ஷன் வந்துகொண்டிருந்தது. பிள்ளை மரியாதையாக வரவேற்றார். மாட்டுப்பெண் காபி கொண்டுவந்தாள். ஸ்வாமி அலமாரியில் விளக்கு எரிந்தது. "மாமி, உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்லை. என்னை நன்னா வெச்சிண்டிருக்கான்" என்றார். புகாரில் உண்மையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மொத்தம் இருபது நிமிஷ வேலை.

நாலு மாதம் கழித்து அதே பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். மாமி குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். எடை 36 கிலோ. சர்க்கரை மாத்திரை இரண்டு மாதமாக வாங்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு நின்று வெகு நாளாகியிருந்தது. ஏ.டி.எம். கார்டு பிள்ளையிடம். "அன்னிக்கே ஏன் மாமி சொல்லலை?" என்றேன். "நீ கேட்டபோது அவன் பக்கத்திலதானே உக்காண்டிருந்தான்? நீ போயிடுவே. நான் அங்கேதானே இருக்கணும்?" என்றார்.

அன்று முதல், சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசாமல் நான் அறிக்கை எழுதுவதில்லை. தனியாகப் பேச விடாவிட்டால், விடவில்லை என்பதையே எழுதுகிறேன். கேள்விகளையும் மாற்றிக்கொண்டேன். "குறை உண்டா?" என்றால் எந்தத் தாயும் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டேள்? பாஸ்புக் யார்கிட்ட இருக்கு? தங்கையோட கடைசியா எப்போ பேசினேள்? மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் காட்டறேளா?" இப்படித்தான் கேட்கிறேன். மருந்துக்கடை பில்லில் தேதி இருக்கிறது. பென்ஷன் வரவான அன்றே முழுப் பணத்தையும் மாதாமாதம் எடுத்திருந்தால், அது எங்கே போகிறது என்று பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். அறைக்கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

ஆனால் வெளித் தாழ்ப்பாளைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. மறதி நோய் வந்த அம்மாவை அறையில் பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறாள் என்று ஒரு பெண்ணின் மேல் புகார் வந்தது. போய்ப் பார்த்தேன். கல்யாணம் ஆகாத பெண், வயது 58. ஒன்பது வருஷமாக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். அம்மா இரண்டு தடவை தெருவில் இறங்கித் தொலைந்துபோயிருக்கிறார். அண்ணன்மார் இருவர் வேறு ஊர்களில். தீபாவளிக்குத் தவறாமல் ஃபோன் வரும். பூட்டியது தவறுதான், ஒரு தீ விபத்து நடந்தால் என்ன ஆகும்? ஆனால் அவளைத் தண்டித்து என்ன பிரயோஜனம்? அண்ணன்மாரைக் கூப்பிட்டுப் பேசினோம். பகல் நேரத்துக்கு ஆள் வைக்கும் செலவை இருவரும் ஏற்றார்கள். பூட்டு போயிற்று.

மாற்றுத் திறனாளிகள் நிலைமை இன்னும் சிரமம். அறிவுசார் குறைபாடு உள்ளவரால் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அவர் பென்ஷனை யார் வாங்குகிறார், யாருக்குச் செலவாகிறது என்று யாரும் கேட்பதில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட காப்பாளர், ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு வருஷா வருஷம் கணக்கும் கொடுக்க வேண்டும். கொடுமை நடப்பதாகத் தெரிந்தால், 2016-இன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நிர்வாக நடுவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம்.

முதியோருக்கு 2007-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. அறுபது வயதானவர் தாமே தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். முடியாவிட்டால் அவர் அனுமதித்த வேறொருவர் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. பராமரிப்புத் தொகைக்கான மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும். மிஞ்சினால் இன்னும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய் வரை அந்தச் சட்டம் அனுமதித்தது. குழந்தை இல்லாதவர்களுக்கு, அவர்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினர் பொறுப்பு.

சொத்து விஷயத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தத் தானப் பத்திரத்தை ரத்து செய்ய இச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும். 2022 டிசம்பரில், அப்படி நிபந்தனை காட்டப்படாத ஒரு தாயாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்ய மறுத்தது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்துத் தாயார் ஒருவருக்குப் பிள்ளை அதை எழுதிக் கொடுத்திருந்ததால் பத்திரம் ரத்தாகி வீடு திரும்பியது. ஆகவே வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். உயில் எழுதினால், உயிரோடு இருக்கும் வரை வீடு உங்களுடையதே.

அந்த மாமி கடைசிவரை பிள்ளைமேல் மனுப் போடச் சம்மதிக்கவில்லை. அவர் இஷ்டத்தை மீற எனக்கு அதிகாரம் இல்லை. கார்டைத் திரும்ப வாங்கிக் கொடுத்தோம். தங்கை வீட்டில் இரண்டு வருஷம் இருந்தார். வேளாவேளைக்குச் சாப்பிட்டார். பிறகு காலமானார். முதல் நாளே நான் சரியாகக் கேட்டிருந்தால் அந்த நாலு மாதப் பட்டினி இருந்திருக்காது.

உங்கள் அத்தையோ சித்தியோ வேறு ஊரில் யார் வீட்டிலாவது இருப்பார்கள். அடுத்த தடவை ஃபோனில், "ஸ்பீக்கரை அணைச்சுட்டுப் பேசறேளா?" என்று கேளுங்கள். நேரில் போனால் கோவிலுக்கு என்று சொல்லி வெளியே அழைத்துப் போங்கள். ஒருமுறை "இல்லை" என்றால் இன்னொரு முறை கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அடுத்தாத்து விஷயம் நமக்கெதற்கு என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவையும் நினைக்கவில்லை. மாமி பிழைத்தது அவரால்தான், என்னால் அல்ல.