செவ்வகத்திலிருந்து ஒரு குல்லா



மார்கழி பிறந்துவிட்டால் விடிகாலை டீக்கடை வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அடையாளம் கண்டுபிடிப்பதே சிரமம். மங்கி குல்லாவுக்குள் கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரியும். வடக்கேயிருந்து வந்தவர்கள் பார்த்தால், இந்தக் குளிருக்கே இப்படியா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பனி காதில் இறங்கினால் அவஸ்தை நமக்குத்தானே? இன்றைக்கு அந்த உல்லன் குல்லாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கடையில் வாங்குவதைப் பற்றி அல்ல. குரோஷா ஊசியைக் கையில் பிடித்தே பார்க்காத ஒருவர் தம் முதல் குல்லாவைப் பின்னி முடிப்பது எப்படி என்பதைப் பற்றி.

குரோஷா என்றதும் பலருக்கு நினைவு வருவது, ஒரு காலத்தில் டிவி மேலும் டெலிபோன் மேலும் விரித்திருந்த வெள்ளை லேஸ் விரிப்புதான். அது மெல்லிய பருத்தி நூலும் ஒன்றரை மில்லிமீட்டர் ஊசியும் கேட்கும் வேலை. கண்ணைப் பிடுங்கும். அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்கள் நிறையப் பேர். நாம் எடுக்கப்போவது 5 மில்லிமீட்டர் ஊசி, அதற்கேற்ற தடித்த நூல். பின்னுவது விரல் நுனியிலேயே தெரியும்.

குல்லா பின்னுவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உச்சியில் ஒரு சிறு வட்டமாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே கீழே இறங்குவது. புத்தகங்களில் பெரும்பாலும் இதுதான் முதலில் வரும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுப்பதில்லை. எந்தச் சுற்றில் எத்தனை கூட்டினோம் என்ற கணக்கு ஒரு தடவை தவறினால் போதும், குல்லா தட்டையாகத் தோசைக்கல்லில் உட்கார்கிற அளவுக்கு விரிந்துவிடும், இல்லையென்றால் கூம்பிப்போகும். இரண்டாவது வழியில் வட்டமே கிடையாது. ஒரு செவ்வகம் பின்னுகிறோம். அதன் இரண்டு ஓரங்களைச் சேர்த்தால் குழாய். குழாயின் ஒரு வாயைச் சுருக்கினால் குல்லா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முதல் குல்லாவுக்கு இதுதான் சரியான வழி என்பது என் கட்சி.

வெறும் செவ்வகம் தலையில் எப்படிப் பிடித்து நிற்கும் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் ரிப் வருகிறது. நீங்கள் போட்டிருக்கும் பனியனின் கழுத்தைப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக மெல்லிய கோடுகள் இருக்கும். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் அதை ரிப் என்றே சொல்வார்கள். சாதாரணமாகக் குரோஷாத் துணி அவ்வளவு இழுபடாது. இரட்டை ஊசியில் பின்னும் ஸ்வெட்டர் துணியைவிட விறைப்பானது. அதை இழுபட வைக்க ஒரே ஒரு சின்ன மாற்றம் போதும்.

அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பின்னி முடித்த வரிசையை மேலிருந்து குனிந்து பாருங்கள். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று உங்கள் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். வழக்கமாக ஊசியை இரண்டுக்கும் அடியில் நுழைப்போம். ரிப் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து இழைக்குள் மட்டும் நுழைக்க வேண்டும். இதைப் பின் இழை என்று வைத்துக்கொள்வோம். விட்டுப்போன முன் இழை சும்மா இருக்காது. வரிசை நெடுக ஒரு கோடாகத் துணியின் முகத்தில் படுத்துக்கொள்ளும். வரிசை முடிந்ததும் துணியைத் திருப்புகிறோம் அல்லவா? அடுத்த கோடு மறுபக்கத்தில் விழும். இப்படி மாறி மாறி விழுவதால் துணி மடிப்பு மடிப்பாக நிற்கும். இரண்டு வரிசைக்கு ஒரு மடிப்பு. பின்னும்போது இந்தக் கோடுகள் படுக்கைவாட்டில் இருக்கும். தலையில் போடும்போது செவ்வகத்தைத் திருப்பிப் பிடிப்பதால் நின்றுகொள்ளும். அந்த மடிப்புகள்தான் தலையைச் சுற்றி விரிந்து கொடுப்பவை.

இப்போது நூல். கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் கொடுப்பார்கள். தவறில்லை; விலை குறைவு, வீட்டில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது. ஆனால் நெருப்பில் உருகும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துணி துவண்டு போய்விடும், அந்த ரிப் திரும்பி வராது. ஒரு பெரியவர் குல்லாவுக்கு 100 கிராம் பெரும்பாலும் போதும். வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பும் கருநீலமும் முதல் வேலைக்கு வேண்டாம். இரவு விளக்கில் கண்ணி எது இடைவெளி எது என்றே தெரியாது. பஞ்சுபோல முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் வேண்டாம். பிரிக்க வராது, பிரிக்காமல் யாரும் கற்றதில்லை. இரண்டு உருண்டை வாங்குவதாக இருந்தால் லேபிளில் உள்ள சாய லாட் எண் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அளவு. ஒரு நாடாவை நெற்றிக்கு மேல், காதுக்கு மேல் சுற்றி எடுங்கள். 56 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குல்லாவை 56 பின்னக் கூடாது. இழுக்காமல் வைத்தால் 50 இருக்கட்டும். மீதி 6 சென்டிமீட்டரை இழுபடும் துணி பார்த்துக்கொள்ளும். சரியான அளவில் பின்னியவர்களின் குல்லா நாலு நாளில் கண்ணை மறைக்கும். உயரம், காது மூட 22 சென்டிமீட்டர். ஓரத்தை மடித்துவிட ஆசையென்றால் 28.

சங்கிலியில் தொடங்குகிறோம். நூல் முனையில் ஒரு சுருக்கு முடிச்சு, அதை ஊசியில் மாட்டி, நூலைக் கொக்கியில் பிடித்து முடிச்சுக்குள்ளே இழுத்தால் ஒரு சங்கிலி. ஓரம் மடித்துவிடும் குல்லாவுக்கு இப்படி 28 சென்டிமீட்டர் வரும்வரை போடுங்கள். நான் சொன்ன நூலுக்கும் ஊசிக்கும் ஏறக்குறைய 40 வரும், உங்கள் கைக்கு 36 ஆகலாம், 44 ஆகலாம். எண்ணிக் குறித்துக்கொண்டு, கூடுதலாக ஒன்று போடுங்கள். அது வரிசை திரும்புவதற்கு, கணக்கில் சேராது.

கண்ணி போடும் முறை இது. நூலை ஊசிமேல் ஒரு சுற்று. ஊசியை நுழைத்து நூலை மாட்டி வெளியே இழுக்க வேண்டும். ஊசியில் இப்போது மூன்று வளையங்கள். மறுபடி நூலை மாட்டி, மூன்றுக்குள்ளும் ஒரே இழுப்பு. அவ்வளவுதான். சுற்று, நுழை, இழு, மொத்தமாக இழு. அமெரிக்கப் புத்தகங்களில் இதற்கு ஹாஃப் டபுள் குரோஷா என்று பெயர்; இங்கிலாந்துப் புத்தகங்களில் இதே கண்ணி ஹாஃப் ட்ரெபிள். யூடியூபில் ஒன்று, பழைய கைவேலைப் புத்தகத்தில் ஒன்று என்று பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இந்தக் கண்ணியில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. முதலில் ஊசியில் சுற்றிய நூல், கண்ணியின் முதுகில் மூன்றாவது இழையாகப் படுத்திருக்கும். துணியைத் திருப்பியதும் அது நம்மைப் பார்த்து நிற்கும். புதியவர்கள் அதை முன் இழை என்று எண்ணி, உண்மையான முன் இழைக்குள் ஊசியை விடுவார்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் தெரியும் இரண்டு மட்டும்தான் கணக்கு. அதில் தள்ளி இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

கை இறுகுவது அடுத்த தொல்லை. ஊசியே நுழைய மாட்டேன் என்கிறது என்பார்கள். ஊசியை உற்றுப் பாருங்கள். கொக்கிக்குக் கீழே கழுத்து ஒடுங்கியிருக்கும், அதற்கும் கீழே தண்டு தடிமனாக இருக்கும். வளையம் கழுத்தில் உட்கார்ந்தால் சிறியதாகிவிடும். தண்டுவரை இறக்கிவிட்டுப் பிறகு இழுங்கள். 5 என்று ஊசியில் பொறித்திருப்பது தண்டின் தடிமனைத்தான். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லிக் கொடுப்பவருக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே செய்யலாம்.

பத்து வரிசை போனதும் செவ்வகம் செவ்வகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மா, வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க எண்ணியவர். அவர் கொண்டுவந்து காட்டியது இரண்டு பக்கமும் சரிந்த கோபுரம். "எண்ணித்தான் போட்டேன் டீச்சர், நாப்பது சரியா இருந்துது" என்றார். முதல் வரிசைகளில் நாற்பது இருந்தது உண்மைதான். பிறகு ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணியும் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டதால், அதை ஓரம் என்று நினைத்து விட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். அவர் மட்டுமல்ல, எல்லோரும் விடுவது இந்தக் கண்ணியைத்தான். வரிசையின் முதல் கண்ணியைப் போட்டவுடன் அதில் ஒரு ஊக்கைக் குத்துங்கள். திரும்பி வரும்போது ஊக்கு உள்ள கண்ணிதான் கடைசி. அதில் போடாமல் திரும்பாதீர்கள். அந்த அம்மா அன்றைக்கே எட்டு வரிசை பிரித்தார், புடவைத் தலைப்பில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினார், கோபுரம் நேரானது.

இதற்குமேல் வேலை தானாக ஓடும். சீரியல் பார்த்துக்கொண்டே, பேருந்தில் போய்க்கொண்டே பின்னலாம். 50 சென்டிமீட்டர் வரும்வரை போய்க்கொண்டே இருங்கள். வரிசைகளை இரட்டைப்படையில் முடித்தால் ஓரங்கள் சேரும் இடத்திலும் மடிப்பு தொடர்ந்து வரும். முடிந்ததும் நூலைத் தாராளமாக நீளம் விட்டு வெட்டுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம். தைக்கவும் சுருக்கவும் அந்த வால்தான் தேவை.

தடித்த நூல் நுழையும் மழுங்கிய முனை ஊசியில் அந்த வாலைக் கோத்து, கடைசி வரிசையையும் முதல் சங்கிலியையும் கண்ணிக்குக் கண்ணி சேர்த்துத் தையுங்கள். இழுத்து இறுக்கினால் அந்த இடம் மட்டும் விரியாமல் நெற்றியில் கயிறாக அழுத்தும். குழாய் ஆகிவிட்டது. இனி உச்சி. மேல் ஓரத்தைச் சுற்றி ஒன்று விட்டு ஒரு வரிசை முனையில் ஊசியை ஏற்றி இறக்கி, தொடங்கிய இடத்துக்கு வந்ததும் இழுத்தால், பாட்டியின் சுருக்குப் பை மாதிரி வாய் மூடிக்கொள்ளும். நடுவில் ஓட்டை தெரிந்தால் குறுக்கும் நெடுக்கும் நாலு தையல். அப்படியும் உச்சியில் நூல் கட்டியாகச் சேர்ந்து நிற்கத்தான் செய்யும். ஐம்பது சென்டிமீட்டர் துணி ஒரு புள்ளியில் கூடினால் வேறென்ன ஆகும்? அதை மறைக்கத்தான் இந்தக் குல்லாக்களில் உருண்டைக் குஞ்சம் வைக்கிறார்கள். குஞ்சம் பிடிக்காதவர்கள் இரண்டாவது குல்லாவில், உச்சிப் பக்கம் வரும் ஐந்தாறு கண்ணிகளை மட்டும், முதல் சுற்று இல்லாத குட்டையான ஒற்றைக் கண்ணியாகப் போடட்டும். அந்த ஓரம் குறுகும், சுருக்கும்போது பருமன் குறையும்.

குல்லா முடிந்ததும் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: இதைக் கடையில் இன்ன விலைக்கு வாங்கலாமே? கடையில் கிடைப்பது இயந்திரத்தில் பின்னி வருவது, இரட்டை ஊசிப் பின்னலின் இயந்திர வடிவம். குரோஷாவை அப்படியே செய்து தள்ளும் இயந்திரம் இன்றுவரை ஆலைகளில் வரவில்லை. எங்கேயாவது அசல் குரோஷா மேலாடை அடிமாட்டு விலைக்குத் தொங்கினால், யாரோ ஒரு பெண்ணின் மணிக்கணக்கான உழைப்புக்குச் சில்லறை கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாப்பூர் என்ற ஊர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்த குரோஷா லேஸ் அங்கே பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982ல் வெளியிட்ட ஆய்வு நூலில் அந்தப் பெண்களைப் பற்றி எழுதினார். வெளிநாட்டுச் சந்தைக்காகப் பின்னிய அவர்களைத் தொழிலாளர் என்று யாரும் எண்ணவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே கணக்கு வைத்தார்கள். கூலியும் அந்தக் கணக்குப்படிதான். ஒரு குல்லாவைக் கையால் முடித்துப் பார்த்த பிறகு கைவேலைக் கடையில் பேரம் பேச வாய் வராது. எனக்கு வருவதில்லை.

குரோஷாவில் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற குழுவின் பெண்கள் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். வெயில் ஊரில் இவ்வளவு பெரிய போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

நம் ஊரில் பெரியவர்களுக்கு இந்தக் குல்லா மார்கழி, தை என்று இரண்டு மாதம்தான். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும், டொராண்டோவில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் கூடுதலாக உதவும். வருடம் முழுக்கப் பயன்படுவது வேறு இடத்தில். எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து வைத்துப் பராமரிக்கும் கங்காரு முறையில் குழந்தைக்குக் குல்லா போடுவார்கள். உடம்போடு ஒப்பிட்டால் பச்சைக் குழந்தையின் தலை பெரிது. சூடும் அதன் வழியே நிறையப் போய்விடும். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். அதற்கு இதே செவ்வகம், 30 அகலம், 14 உயரம். மிருதுவான பருத்தி நூல் எடுங்கள், குஞ்சமும் பொத்தானும் வேண்டாம், நூல் முனைகளை உள்ளே நன்றாக ஓட்டி விடுங்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும். மருத்துவமனைக்குக் கொடுப்பதாக இருந்தால், என்ன நூல், என்ன அளவு ஏற்றுக்கொள்வார்கள் என்று அங்குள்ள செவிலியரிடம் முதலில் கேட்டுவிட்டு ஊசியை எடுங்கள்.