கால் தரையில் ஊன்றட்டும்: மன அமைதிக்குச் சில அன்றாட வழிகள்

(சமூக சுகாதார ஊழியர்களின் பயிற்சி முகாம் ஒன்றில் ஓய்வுபெற்ற மருத்துவ அதிகாரி ஆற்றிய உரை)



மனத்தைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் மனநல நிபுணன் அல்லன். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே, நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

தக்காணத்துச் சிற்றூர் ஒன்றில் நான் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த காலம். ஓர் இரவு ஒரு பெண்மணியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப் போகின்றன, உயிர் போய்விடும் போலிருக்கிறது என்றார். நாடி வேகமாக ஓடியதே தவிர வேறு கோளாறு எதுவும் எனக்குத் தென்படவில்லை. டயசிபாம் ஊசி போட்டு, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவைத்தேன். அந்த மாதத்திலேயே அவர் நான்கு முறை வந்தார். நான்கு முறையும் அதே ஊசி, அதே வார்த்தை. ஐந்தாம் முறை நான் வேறொரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் நிலையத்தில் உதவிக்கு இருந்த வயதான மருத்துவச்சி அவரைத் தரையில் உட்காரவைத்து, பாதங்களைத் தரையில் பதிக்கச் சொல்லி, முறத்தில் இரண்டு கைப்பிடி அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கச் சொன்னார். "எத்தனை கல் இருக்கிறதென்று எண்ணிச் சொல் அம்மா" என்றார். நான் வந்து பார்த்தபோது நாடி சீராகியிருந்தது. ஊசி தேவைப்படவில்லை.

அன்று நடந்தது என்ன என்பது பின்னர் படித்த பிறகே எனக்குத் தெளிவாயிற்று. அச்சம் தோன்றியதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுகிறது. அவ்வாறு தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைந்துவிடுகிறது. விரல்கள் மரத்துப்போவதும், தலை சுற்றுவதும், உதடுகள் குறுகுறுப்பதும் அதன் விளைவுகளே. அவற்றை உணர்ந்தவர் மேலும் அஞ்சுகிறார். மூச்சு மேலும் விரைகிறது. இந்தச் சுழலை ஏதேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். நான் "ஒன்றுமில்லை" என்றது அதனை அறுக்கவில்லை. அவருக்கு ஏதோ இருந்தது. நான் அதைக் கேட்கவேயில்லை. மருத்துவச்சி அவருடைய கண்ணையும் கையையும் முறத்தில் இருத்தினார். கல் பொறுக்குகிறவர் மூச்சை இறைக்க முடிவதில்லை.

இத்தகைய முறையை இன்று "நிலைப்படுத்துதல்" என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் மன நெருக்கடி வேளைகளுக்கென வெளியிட்ட படவிளக்கக் கையேட்டின் முதற்பகுதியே இதுதான். நினைவும் உணர்ச்சியும் புயலாய் வீசும்போது, அவற்றை விரட்ட முயலாமல், அவை வந்திருப்பதை முதலில் ஒப்புக்கொள்வது; மெதுவாக மூச்சு விடுவது; பாதங்களைத் தரையில் அழுத்துவது; பிறகு சுற்றிலும் எதைப் பார்க்கிறோம், எதைக் கேட்கிறோம், எதைத் தொடுகிறோம் என்று கவனிப்பது. இவ்வளவே. இக்கையேட்டுக்கு அடிப்படையான பயிற்சித் திட்டம், உகாண்டா நாட்டு முகாமில் தங்கியிருந்த தென் சூடான் அகதிப் பெண்களிடையே சோதித்துப் பார்க்கப்பட்டுப் பயன் கண்டது. வீடும் நிலமும் இழந்தவர்களுக்கே உதவியது என்பதால், நம் கிராமங்களிலும் முயன்று பார்க்கத் தகுந்தது எனக் கருதுகிறேன்.

மூச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு சிறிது விரைவதும், வெளியேறும்போது தணிவதும் இயற்கை. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதற்குக் காரணம். ஆகவே வெளிமூச்சை நீட்டினால் துடிப்பு அடங்க இடம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு என்ற அளவு பலருக்கும் இதமாக இருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், கத்தோலிக்கரின் செபமாலையையும் ஒரு மந்திரத்தையும் ஓதச் சொல்லி அளந்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கே இறங்கியது. எந்த மதத்தின் சொல் என்பதை நுரையீரல் கேட்பதில்லை போலும்! நம் நாட்டில் லோனாவ்லாவிலுள்ள கைவல்யதாமத்தில் சுவாமி குவலயானந்தர் 1924ஆம் ஆண்டிலேயே யோகப் பயிற்சிகளைக் கருவிகளால் அளந்து பார்க்கத் தொடங்கினார் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

நான்கு எண்ணும் வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கி வைக்க வேண்டாம். இரத்த அழுத்தமுள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் அறவே செய்யக்கூடாது. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் மிகுகிறது. அவர்களை வற்புறுத்தாதீர்கள். குளிர்ந்த நீரில் முகம் கழுவச் சொல்லுங்கள். துணி மடிக்க, கீரை ஆய, வாசல் பெருக்கச் சொல்லுங்கள். கைக்கு வேலையும் கண்ணுக்கு இலக்கும் இருந்தால் போதும்.

வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் பூமியின் ஆற்றல் உடலில் ஏறி நோயெல்லாம் நீங்கும் என்று இப்போது பலர் சொல்லி வருகிறார்கள். இதற்கு உறுதியான சான்று இருப்பதாக நான் கருதவில்லை. விடியற்காலையில் ஈரப் புல்லில் கால் வைப்பது சுகமான அனுபவமே. கவனத்தைப் பாதங்களுக்கு இறக்குவதால் மனமும் அடங்குகிறது. அதற்கு மேல் உரிமை கொண்டாட வேண்டாம். மேலும், திறந்தவெளியில் மலம் கழிக்கப்பட்ட ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கும். அவை பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுந்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. இரத்தசோகையுள்ள பெண்ணுக்குப் படபடப்பு வருவது அதனாலேயே இருக்கலாம்! எனவே மாத்திரைப் பையைச் சுமக்கும் நீங்கள், நடக்கும் இடத்தைப் பார்த்தே யோசனை சொல்லுங்கள். செருப்பணிந்த காலாலும் தரையை அழுத்தி உணர முடியும்.

உங்களைப் பற்றியும் ஒரு சொல். காலை உணவின்றி மூன்று கோப்பை தேநீர் குடித்துவிட்டு வீடு வீடாகச் செல்கிறவர்கள் உங்களில் பலர். வெறும் வயிற்றில் தேநீர் படபடப்பைக் கூட்டும். இரவு பத்து மணிக்கும் கைபேசிக் குழுவில் விவரம் கேட்டுச் செய்தி வருகிறது என்று நேற்று ஒரு சகோதரி சொன்னார். அது உங்கள் மனப்பயிற்சியால் தீரக்கூடிய குறையன்று. மேலதிகாரிகள் திருத்த வேண்டிய வழக்கம். அதை இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதே எச்சரிக்கை நம் மக்கள் விஷயத்திலும் பொருந்தும். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கையில், கணவன் குடித்துவிட்டு அடிக்கையில், "மூச்சைக் கவனியுங்கள்" என்பது ஏளனமாகிவிடும். என் நோயாளிப் பெண்மணியின் விஷயமும் அதுவே. கல் பொறுக்கி முடித்த பின்தான் அவர் வாய் திறந்தார். கிணறு வெட்ட வாங்கிய கடன், வற்றிய கிணறு, வட்டிக்காரரின் இரவு வருகைகள். அவர் வருகிற நாள்களிலெல்லாம் இவருக்கு நெஞ்சு படபடத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. கடன் முழுதும் தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டிலில் தூக்கி வருவது நின்றது. அமைதி அவருக்குப் பேசுவதற்குரிய பலத்தைத் தந்தது. மற்றதை நாம் செய்ய வேண்டியிருந்தது.

2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் சுமார் 15 கோடிப் பேருக்கு மனநல உதவி தேவைப்படுகிறது என மதிப்பிட்டது. நோயைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலிருந்தார்கள். தேசிய மனநலத் திட்டம் 1982ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. பெல்லாரி மாவட்டத்தில் சாதாரண மருத்துவர்களையும் ஊழியர்களையும் பயிற்றுவித்து அது நடைமுறையில் இயலும் என்று காட்டப்பட்டது. 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டமாக விரிந்தது. இருந்தும் இடைவெளி இவ்வளவு. மருத்துவர் எட்டாத இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

ஆகவே எங்கே நிறுத்திக்கொள்வது என்பதையும் அறிந்திருங்கள். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அதை மனக்கலக்கம் என்று எண்ணாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லை என்பவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். பல இந்திய மொழிகளில் பேசுகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அன்றி, கடும் நெருக்கடிக்கு உள்ளானவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வழக்குக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்களுக்கு இதை எடுத்துக் கூறுங்கள்.

இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. பதிவேடுகளை மடியிலிருந்து இறக்கிவையுங்கள். நாற்காலி கிடைக்காமல் தரையில் அமர்ந்திருப்பவர்களுக்கு இப்போது வசதிதான். பாதங்களை ஊன்றி, நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, பத்து முறை செய்வோம். பிறகு உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.