வேற்றுப் பெயரில் வாழ்ந்து மறைந்த அரங்குகள்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்னை அண்ணா சாலையில், அஞ்சலக வளாகத்துள், பழங்கட்டடம் ஒன்று இன்றும் நிற்கின்றது. அஞ்சல்தலை தொகுப்போர் அங்கே வந்து செல்கின்றனர். அக் கட்டடம் 1913-ஆம் ஆண்டில் வார்விக் மேசர் என்னும் வெள்ளையர் படம் காட்டுதற்கென்றே அமைத்த கூடம் என்பதை அவருள் எத்துணைப் பேர் அறிவர்? 'எலக்ட்ரிக்' என்பது அதற்கு அவர் இட்ட பெயர். சில்லாண்டுகளே அங்குப் படம் ஓடிற்று. பின்னர் அஞ்சல் துறை அதனை வாங்கிக்கொண்டது. படம் காட்டுவதை நிறுத்திக்கொண்டமையால் அஃது உயிர் பிழைத்தது. படம் காட்டிக்கொண்டே இருந்த பழைய அரங்குகளுள் மிகப் பலவோ ஒன்றன்பின் ஒன்றாய் இடிபட்டு மண்ணாயின.

அவ்வரங்குகளின் வாழ்வையும் வீழ்வையும் பேசுவோர் பலர். இளமையில் பார்த்த படம், இடைவேளையில் தின்ற முறுக்கு என்ற அளவில் அவர்தம் பேச்சு நின்றுவிடுகின்றது. தமிழர் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. தமிழ் மக்கள் காசு கொடுத்து வளர்த்த கூடங்கள் அவை. தமிழ் நாள்தோறும் ஒலித்த கூடங்கள் அவை. அவற்றுள் தமிழ்ப் பெயர் பூண்டவை எத்தனை?

தொடக்கமே வேற்றுப் பெயர்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை விக்டோரியா பொதுமன்றக் கூடத்தில், வெள்ளையரும் செல்வரும் காணும் வேடிக்கையாகப் படக்காட்சி தோன்றிற்று. அதனை எளிய மக்களிடம் கொண்டு சென்றவருள் முன்னோடி ஒரு தமிழர். திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் வரைவாளராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படங்காட்டும் பொறியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று காட்டினார். பின்னர்க் கோவையில் நிலையான அரங்கொன்றை எழுப்பினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வெரைட்டி ஆல்'. அங்குள்ள சாலைக்கும் அப் பெயரே நிலைத்துவிட்டது.

சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் அரங்கு, 1914-இல் இரகுபதி வெங்கையா எழுப்பிய 'கெயிட்டி'. அவர் மசூலிப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் நிழற்படத் தொழில் நடத்தியவர். கெயிட்டியைத் தொடர்ந்து தங்கசாலைத் தெருவில் 'கிரவுன்', புரசைவாக்கத்தில் 'குளோப்' என மேலும் இரண்டைக் கட்டினார். அவற்றின் வழியே எல்பின்சுடன், வெலிங்டன், மினர்வா, பாரகன், ஓடியன், கேசினோ என வரிசை நீண்டது.

ஆள்வோன் மொழியில் பெயர் வைத்தால்தான் ஆள்வோன் உள்ளே வருவான் என அக் காலத்து வணிகர் எண்ணியிருக்கலாம். அடிமைப்பட்ட நாளில் நேர்ந்ததை அடிமைத்தனத்தின் கணக்கில் எழுதிவிடலாம். விடுதலைக்குப் பின் நேர்ந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

கூடத்துள் ஒலித்த தமிழ்

அதற்கு விடை காணுமுன், அக் கூடங்கள் தமிழர்க்குச் செய்த நன்மையையும் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரைப்படம் என்றாலே முகம் சுளிக்கும் தமிழன்பர் நம்மிடையே உண்டு. அவர் சுளிப்பிற்குக் காரணமும் உண்டு. ஆயினும், படம் வேறு, படம் காட்டிய கூடம் வேறு.

ஊமைப்படக் காலத்தில் திரையருகே ஒருவர் நிற்பார். திரையில் தோன்றும் எழுத்துகளைப் படித்துக் கதையை உரத்த குரலில் தமிழில் விளக்குவார். எழுத்தறியாத கூலித் தொழிலாளியும் அவர் வாய்வழியே கதை கேட்டான். 1931-ஆம் ஆண்டு அற்றோபர்த் திங்கள் 31-ஆம் நாள், சென்னைக் 'கினிமா சென்ட்ரல்' அரங்கில் 'காளிதாசு' வெளியாயிற்று. திரையே தமிழ் பேசிற்று. அப் படத்தில் தலைவி தமிழிலும் தலைவன் தெலுங்கிலும் பேசினர் என்பது உண்மையே. கலப்பாகவேனும் தன் மொழியைத் திரையிற் கேட்ட கூட்டம் மகிழ்ந்து ஆரவாரித்தது. காவியப் புலவனைப் பற்றிய கதை, பாதித் தமிழ், அரங்கின் பெயரோ முழு ஆங்கிலம்! தமிழ்ப் பேசும்படத்தின் பிறப்பே இத்தகையதாயிற்று.

மற்றொரு நன்மை இதனினும் பெரிது. கோயிலுள் நுழையவும் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவும் பிறப்பைக் கேட்ட நாட்டில், படக்கொட்டகையின் சீட்டு விற்கும் சாளரம் பிறப்பைக் கேட்கவில்லை. காசை மட்டுமே கேட்டது. தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, வாங்கும் ஆற்றலே என்றும் ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டியுள்ளார். தரைச் சீட்டு வாங்கியவன் மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்தான். நாற்காலிச் சீட்டு வாங்கியவன் பின்னே அமர்ந்தான். இருவர் செவியிலும் விழுந்தது ஒரே தமிழ். பள்ளிக்கூடம் எட்டாத சேரிக்கும் குப்பத்திற்கும் அடுக்குமொழித் தமிழ் எட்டிய வழி அதுவே.

அக் கூடத்தைச் சூழ்ந்து ஓர் உழைப்பாளர் உலகமும் இருந்தது. பொறியறையுள் கரிக்கோல்களின் ஒளி குன்றாமல் காத்து, ஒரு சுருள் முடியுமுன் மறு பொறியில் அடுத்த சுருளைத் தொடுத்தவர்; ஓர் அரங்கில் முடிந்த சுருளை மிதிவண்டியில் ஏற்றி மறு அரங்கிற்கு விரைந்தவர்; விடியுமுன் பசைவாளியோடு சுவரொட்டி ஒட்டியவர்; சீட்டுக் கிழித்தவர்; முறுக்கு விற்றவர். அவர்கள் அதனைக் 'கொட்டகை' என்றனர். வாயிலில் எழுதிய பெயர் எதுவாயினும், மக்கள் வாய் தனக்கென ஒரு சொல்லை வைத்திருந்தது.

மாறிய பெயர்களும் மாறாத மனமும்

விடுதலைக்குப் பின் பெயர்கள் மாறவில்லையா என்று கேட்கலாம். மாறின. எவ்வாறு மாறின என்று காண்க. குளோப் 'இராக்சி' ஆயிற்று. ஓடியன் 'மெலடி' ஆயிற்று. ஆங்கிலச் சட்டையைக் கழற்றி வேறோர் ஆங்கிலச் சட்டையை மாட்டிக்கொண்டதே மாற்றம். கினிமா சென்ட்ரல் மட்டும் 'முருகன்' ஆகித் தமிழரின் நெஞ்சில் பால் வார்த்தது.

ஆங்கிலத்தை விட்ட சிலர் வடமொழியிற் போய் விழுந்தனர். 1961-இல் எழுந்த 'சாந்தி'யை எண்ணுக. திறந்து வைத்தவர் பெருந்தலைவர் காமராசர். பின்னர் அதற்கு உரிமை பூண்டவர், தமிழைத் திரையில் முழங்கியவருள் தலைசிறந்த நடிகர் சிவாசி கணேசன். அமைந்த இடமோ பின்னாளில் அண்ணாவின் பெயர் தாங்கிய சாலை. மூன்று பெருந்தமிழர் தொடர்பு வாய்ந்த அவ்வரங்கிற்கு 'அமைதி' என ஒரு தமிழ்ச் சொல் வாய்க்கவில்லை! 1967-இல் தண்டையார்ப்பேட்டையில் எழுந்த அரங்கிற்கு, தமிழுக்கு இலக்கணம் செய்தவராகச் சொல்லப்பெறும் அகத்தியர் பெயர் கிட்டியது. அதனையும் வடவெழுத்திட்டு 'அகசுதியா' என்றே வழங்கினர்.

1983-இல் அசோகர் நகரில் 'உதயம்' எழுந்தது. அதன் உடன்பிறந்த அரங்குகள் 'சூரியன்', 'சந்திரன்'. இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் போற்றியன்றோ தம் காப்பியத்தைத் தொடங்கினார்! ஞாயிறும் திங்களும் நாட்காட்டியில் மட்டும் இருந்தாற் போதும் என்று தமிழன் எப்போது முடிவு செய்தான்?

1964-இல் அண்ணா சாலையில் எழுந்த 'சபையர்', ஒரே வளாகத்துள் மூன்று திரைகள் கொண்டு, இந்தியாவின் முதற் பல்திரையரங்கு எனப் பெயர் பெற்றது. மற்ற இரண்டின் பெயர்கள் 'எமரால்டு', 'புளூ டைமண்ட்'. நீலமும் மரகதமும் வயிரமும் தமிழர்க்குப் புதியனவா? மணிகளின் இயல்பையும் குற்றத்தையும் வகுத்துக் கூறும் சிலம்பின் ஊர்காண் காதை இருக்கும் மொழிக்கு அச் சொற்கள் அரியனவா?

இந் நாட்டின் பெயர் 1969-இல் தமிழ்நாடு ஆயிற்று. இந் நகரின் பெயர் 1996-இல் எல்லா மொழியிலும் சென்னை ஆயிற்று. மவுண்ட் சாலை அண்ணா சாலை ஆயிற்று. நாடு மாறிற்று, நகர் மாறிற்று, சாலை மாறிற்று. அச் சாலையில் நின்ற அரங்குகளுள் மிகப் பலவோ பெயர் மாறாமலே மடிந்தன.

வீழ்ச்சி

மடிந்ததற்குக் காரணங்கள் பல. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 1980-களில் வீட்டில் படம் பார்க்கும் நாடாப்பேழை வந்தது. 1990-களில் தனியார் தொலைக்காட்சிகள் வந்தன. படச்சுருள் போய் எண்முறை ஒளிபரப்பு வந்தபோது பழம்பொறிகள் பயனற்றுப் போயின. இவை அனைத்தினும் மேலாக, அரங்கு நின்ற நிலத்தின் விலை, அரங்கு ஈட்டும் வருவாயைப் பன்மடங்கு விஞ்சிற்று. ஓராயிரம் இருக்கைகளை நிரப்பப் பாடுபடுவதினும் நிலத்தை விற்பது எளிதாயிற்று.

எல்பின்சுடன் இருந்த இடத்தில் பல மாடி வணிகக் கட்டடம். வெலிங்டன் இருந்த இடத்திலும் அவ்வாறே. கெயிட்டி இன்று இல்லை. அதனைக் கட்டிய வெங்கையாவின் பெயரால் ஆந்திரம் விருது நிறுவிற்று. சபையர் இடிக்கப்பட்டது, நிலம் அரசியற் கட்சியொன்றின் கைக்குப் போயிற்று. சாந்தி 2016-இல் மூடப்பட்டது. தண்டையார்ப்பேட்டை அரங்கு 2020-இல், கொள்ளைநோய்க் காலத்தில், நிலையாகக் கதவடைத்தது. உதயம் 2024-இல் அடங்கிற்று. மண்ணாய்ப்போன அரங்கின் பெயரைத் தானியோட்டுநர் இன்றும் இடப்பெயராய்ச் சொல்கின்றனர். கட்டடத்தினும் பெயர் நெடிது வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அங்ஙனம் நெடிது வாழும் பெயரைத்தான் தமிழர் பிறமொழிக்குத் தாரை வார்த்தனர்.

புதிய அரங்குகளோ பேரங்காடிகளின் மேல்மாடியில், குளிரூட்டிய அறைகளில், சிறு சிறு கூடங்களாய் உள்ளன. பெயரும் ஆங்கிலம், தின்பண்டமும் ஆங்கிலம், சீட்டு விற்கும் இளைஞர் வரவேற்பதும் ஆங்கிலத்தில். தரைச் சீட்டுக்காரனுக்கு அங்கே இடமில்லை. ஒரே கூரையின்கீழ் எல்லாரையும் இருத்திய கூடம் போய், கூட்டத்தை மீண்டும் பிரிக்கும் கூடம் வந்துவிட்டது. பெயரிழப்பினும் இவ் விழப்பு சிறிதன்று.

ஒரு தடையும் விடையும்

"தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் மட்டும் அரங்கு பிழைத்திருக்குமோ?" என்று வினவுவார் உளர். நேர்மையான வினா. மதுரையில் 1952-இல் 'பராசத்தி' படத்தோடு திறக்கப்பெற்ற 'தங்கம்' அரங்கு, 2500-க்கும் மேற்பட்டோர் அமரத்தக்க பேரரங்கு. பெயரும் தமிழ். அதுவும் இடிந்தது, அவ்விடத்தில் இன்று துணிக்கடை. தமிழ்ப் பெயர் கட்டடத்திற்குக் காப்பன்று. ஆனால், தங்கம் என்னும் பெயரைச் சொல்லும் மதுரைக் கிழவர் தம் தாய்மொழியில் நினைக்கின்றார். எல்பின்சுடன் என்று சொல்லும் சென்னைக் கிழவரோ தம் இளமையையே இரவல் மொழியில் நினைக்க வேண்டியவராகின்றார். வேறுபாடு அங்குளது.

"வணிகர் தமிழுக்கு இணங்கார்" என்பது அடுத்த தடை. அதற்கும் வரலாறு விடை தந்துள்ளது. 2006-இல் தமிழில் தலைப்பிட்ட படங்களுக்குக் கேளிக்கை வரியை அரசு விலக்கியது. உடனே 'சம்திங் சம்திங்' 'உனக்கும் எனக்கும்' ஆயிற்று. 'சில்லுனு ஒரு காதல்' தன் முதலெழுத்தில் இருந்த வடவெழுத்தைக் களைந்தது. பல்லாண்டுப் பரப்புரை செய்யாததை ஓர் அரசாணை செய்தது. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்து அவ்விலக்கு பொருளற்றுப் போனதும் நிகழ்ந்தது என்ன? 2022-இல் 'பீசுட்', 2023-இல் 'செயிலர்', 'லியோ'. காசுக்காக வந்த தமிழ் காசோடு போயிற்று. உணர்வால் வருவதே நிற்கும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

உணர்வால் வந்தது நின்றதற்கும் சான்று உண்டு. 'டைரக்சன்' என்று எழுதிய திரையில் இன்று 'இயக்கம்' என்று எழுதுகின்றனர். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இடைவேளை, திரைப்படம், திரையரங்கு ஆகியவற்றை எவ் வரிச் சலுகையும் தரவில்லை. எள்ளி நகையாடப்பட்டபோதும் ஓயாது எழுதியும் பேசியும் வந்த தமிழன்பர் தந்தனர்.

செய்யத்தக்கன

கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மை பெற வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் உண்டு. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவைத்து அவ் விதியை ஏய்க்கின்றனர். எழுத்தோடு சொல்லும் தமிழாதல் வேண்டும் என்று அரசை வற்புறுத்துதல் முதற் கடன். அரங்குகள் நின்ற இடங்களில், கட்டியவர் பெயரும் ஆண்டும் பொறித்த தமிழ்க் கல் நாட்டுமாறு மாநகராட்சியைக் கேட்டல் இரண்டாங் கடன். அக் கூடங்களில் உழைத்த முதியோர் இன்னும் சிலர் நம் தெருக்களிலேயே உள்ளனர். அவர்தம் நினைவுகளையும், அவர் தொழிலில் வழங்கிய சொற்களையும், அவர் மறையுமுன் கேட்டு எழுதி வைத்தல் மூன்றாங் கடன். இதற்கு அரசு வேண்டா; ஒரு சுவடியும் ஓர் எழுதுகோலும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

இடிந்த அரங்குகளை எழுப்ப நம்மால் இயலாது. இனி எழும் கூடம் எதுவாயினும், அதன் நெற்றியில் தமிழ்ப் பெயர் ஒன்று இருத்தல் வேண்டும் என்று கேட்க இயலும். சீட்டு வாங்குபவன் தமிழன். கேட்கும் உரிமையும் அவனுக்கே உரியது.

வாழ்க தமிழ்!