போட்டிக்கு முந்திய நாட்கள்



பந்தயம் காணச் செல்வோர் ஆட்ட நாளை மட்டுமே காண்கின்றனர். அதற்கு முன் நடந்த பயிற்சியைக் காண்பதில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தாமே ரோபோக்களைச் செய்து கொண்டுவந்து போட்டியிடும் அரங்குகளிலும் இப்படித்தான். ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிஷம். ஆயத்தமோ பல வாரம். அந்த ஆயத்தத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ரோபோ என்றதும் தகரத் தலையும் இரு கைகளும் உடைய ஒரு பொம்மை உங்கள் மனக்கண்முன் வந்து நிற்கக்கூடும். அதனை அகற்றிவிடுங்கள். இப்போட்டிகளுக்கு வருவது பெரும்பாலும் சக்கரம் பூண்ட ஒரு சட்டம். அதன்மேல் மோட்டார்கள், மின்கலம், பொருளைப் பற்றித் தூக்கும் ஓர் உறுப்பு, இவற்றையெல்லாம் ஆளும் ஒரு சிறு கணிப்பொறி. அழகு சற்றுக் குறைவுதான்.

அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 1989ஆம் ஆண்டில் 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஊடி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்கள் கூடி முதற் போட்டி நடத்தின. ஆண்டுதோறும் ஜனவரியில் புதிய ஆட்டத்தின் விதிகளை வெளியிடுவர். அன்று தொடங்கும் பரபரப்பு. ஒரு சாரார் வரைகின்றனர். ஒரு சாரார் உலோகத்தை அறுத்துத் துளையிடுகின்றனர். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோர் ஒரு மூலையில் காத்திருக்கின்றனர். பாவம், யந்திரம் இவர்கள் கைக்கு வருவது எப்போதும் கடைசியில்தான்! ஓடவிட்டுப் பார்த்தால் நிற்கிறது. கட்டளையில் பிழை என்பர் சிலர். கம்பி இணைப்புத் தளர்ந்தது என்பர் சிலர். எது உண்மை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் காணவேண்டும்.

ஏறத்தாழ ஆறு வாரத்தில் வேலையை முடித்துவிட வேண்டியிருந்தது. அப்பால் போட்டிக் களம் சேரும்வரை யந்திரத்தில் கை வைக்கலாகாது என்ற விதி 2019 வரை இருந்தது. 2020 முதல் அதனை நீக்கிவிட்டனர். நீக்கியது நன்றே என்பேன். பணம் படைத்த குழுக்கள் அதேபோல் இரண்டாவது யந்திரம் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு பழகிவந்தன. ஏழைப் பள்ளிக்கு அது இயலுமா?

ஏழைப் பள்ளி என்றதும் அரிஸோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரிலுள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி என் நினைவுக்கு வருகிறது. 2004இல் அப்பள்ளி மாணவர் நால்வர், நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான வேறொரு போட்டியில் சேர்ந்தனர். நால்வரும் மெக்ஸிகோவில் பிறந்தவர்கள். அமெரிக்காவில் வாழ்வதற்குரிய குடியேற்றப் பத்திரங்கள் அவர்களிடம் இல்லை. லஜ்வர்தி, கேமரன் என்னும் ஆசிரியர் இருவர் அவர்களை வழிநடத்தினர். கல்லூரிகள் போட்டியிடும் மேல்வகுப்பிலேயே பெயர் கொடுத்தனர். பெரியவர்களிடம் தோற்றால் இழிவில்லை அல்லவா?

நீர்க் குழாய் வேலைக்குப் பயன்படும் பி.வி.சி. குழாய்களால் சட்டம் அமைத்தனர். இங்கே அவர்களுடைய நுட்பத்தைக் கவனியுங்கள். மின்கலத்தை யந்திரத்திலேயே ஏற்றினர். அதன் பாரம் யந்திரத்தைக் கீழே இழுக்கும். குழாய்களுள் அடைபட்ட காற்று மேலே தூக்கும். இரண்டும் சமமாகும்படி குழாய்களை அமைத்தால் யந்திரம் அமிழாமலும் மிதக்காமலும் இடைநீரில் நிற்கும். ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மையைப் பாடப் புத்தகத்தில் நாமும் படித்திருக்கிறோம்; இப்பிள்ளைகள் அதனைக் குழாய்க் கடைச் சரக்கைக் கொண்டு நடத்திக் காட்டினர். தெரியாதவற்றைத் தொழில் நிபுணர்களிடம் தொலைபேசியில் கேட்டறிந்தனர். குழாய் ஒட்டும் பசையின் நாற்றம் தாங்காமல் யந்திரத்திற்கு 'ஸ்டிங்கி' என்று பெயரிட்டனர். 'நாற்றக்காரன்' என்று சொல்லலாம்.

போட்டி கலிபோர்னியாவில், சாண்டா பார்பராப் பல்கலைக்கழகத்து நீச்சல் குளத்தில். அங்கே சென்று நீரில் இறக்கிப் பார்த்தபோதுதான் ஆபத்துத் தெரிந்தது. மின் கருவிகளை வைத்திருந்த பெட்டிக்குள் நீர் கசிந்தது! கம்பி இணைப்புகளையும் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருந்தது. இரவெல்லாம் கண் விழித்து அவ்வேலையைச் செய்தனர். கசிவை என் செய்வது? உள்ளே புகும் நீரை உறிஞ்சிக்கொள்ள ஏதேனும் வைத்தால் என்ன என்று ஒருவனுக்குத் தோன்றியது. மாதவிலக்குக் காலத்தில் மகளிர் பயன்படுத்தும் டாம்பன் என்னும் பஞ்சுச் சுருளைத் தேர்ந்தனர். அந்த இளைஞன் கூச்சத்தை அடக்கிக்கொண்டு கடைக்குச் சென்று, அங்கிருந்த பெண்மணி ஒருவரிடம் காரியத்தை விளக்கி, மிக நன்றாக உறிஞ்சுவது எது என்று கேட்டு வாங்கிவந்தான். சிரிக்காதீர்கள், கருவிகள் நனையாமல் தப்பின.

குளத்தின் அடியில் மூழ்கிய கப்பலைப் போன்ற ஓர் அமைப்பு. அதனை அளக்க வேண்டும். பொருள்களை மீட்க வேண்டும். பீப்பாயிலிருந்து திரவத்தை எடுத்துவர வேண்டும். ஸ்டிங்கி எடுத்துவந்தது. இது நீரில் நடந்த சோதனை. நடுவர்முன் நின்று, ஒவ்வோர் உறுப்பையும் ஏன் அவ்வாறு அமைத்தோம் என்று விளக்கும் சோதனையும் உண்டு. வடிவமைப்பிற்கும் எழுத்து அறிக்கைக்கும் பரிசு பெற்றனர். இறுதியில் முதலிடமும் அவர்களுக்கே. இரண்டாம் இடம் பெற்றது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்.

இதன்பின் நடந்ததையும் நீங்கள் அறியவேண்டும். 2006இல் அரிஸோனா மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம், பத்திரமில்லாத மாணவர்களுக்கு உள்மாநிலத்தவருக்குரிய குறைந்த கல்விக் கட்டணத்தை மறுத்தது. நால்வருள் ஒருவர் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட நேர்ந்தது. இன்னொருவர் 2009இல் பொறியியற் பட்டம் பெற்று, தாமாகவே மெக்ஸிகோவுக்குச் சென்று முறைப்படி அனுமதி கோரினார். பத்தாண்டு நுழையலாகாது என்பது முதலில் கிடைத்த விடை. 2010இல் அத்தடை நீங்கியது. திரும்பி வந்தவர் அமெரிக்கப் படையிற் சேர்ந்து ஆப்கானிஸ்தான் சென்றார்.